பலூன் பார்டர்

“அழிச்சாச்சுங்க. என் போன்ல இல்ல, கடை கம்ப்யூட்டர்ல இல்ல, என் பொண்டாட்டி போன்லகூட நானே உட்கார்ந்து தேடி எடுத்துட்டேன்.”

டீக்கடைக்காரர் கேட்டது சர்க்கரை தூக்கலா, கம்மியா என்றுதான்.

“சரிங்க பார்டரண்ணே,” என்றார் பாவம். “சர்க்கரை?”

“போடுங்க.”

பத்தொன்பது நாளாக இதே கதை. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே இறங்கணும் என்றால், “அழிச்சாச்சு.” கடைக்கு வந்த பெண் ஜெராக்ஸ் எடுக்க நேரமாகுமா என்றால், “அதெல்லாம் அன்னைக்கே எடுத்துட்டேங்க.” கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவனுக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது. கேட்கவேண்டிய ஒரே ஒரு ஆள் மட்டும் கேட்கவே இல்லை. அது அவனுடைய அக்கா.

பெயர் வைத்த அம்மா போனபிறகு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஊருக்கெல்லாம் அவன் பார்டர். பிரிண்ட் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வருகிற படங்களுக்கு ஓரம் கட்டுவதுதான் வேலை. கல்யாணம் என்றால் பூ பார்டர். பிறந்தநாள் என்றால் பலூன் பார்டர். சாவு என்றால் கறுப்பு பார்டர். முன்பெல்லாம் காகிதத்தில் அடித்து வாங்கிப்போவார்கள். இப்போது பாதிப்பேருக்குக் காகிதமே வேண்டாம். படத்தைப் போனுக்கு அனுப்புவார்கள், இவன் ஓரம் கட்டித் திருப்பி அனுப்புவான், அவர்கள் குரூப்பில் போட்டுக்கொள்வார்கள். பிறப்பும் சாவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி நடந்துகொண்டிருந்தன.

ஊருக்குப் பார்டர் என்றால் அக்காவுக்கு அவன் ‘டேய்’. அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. பட்டன் தைக்கிற கம்பெனிக்குப் போய், விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின கையால் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள். “டேய் எரும, சாப்டியா?” “டேய், தலையத் துவட்டுடா, சளி பிடிக்கும்.” நாற்பத்தொன்பது வயதாகி, துவட்டுவதற்கு முன்மண்டையில் முடியே இல்லாமல் போனபிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. ‘டேய்’ இல்லாத அக்கா குரலை அவன் கேட்டதே இல்லை.

இப்போது அவள் அவனை ‘வாங்க’ என்கிறாள். “உட்காருங்க. தண்ணி வேணுங்களா?” அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். இந்த மரியாதையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

நடந்தது இதுதான்.

அக்கா வீட்டுக்காரர், அவனுடைய மச்சான், லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக ஊரில் உள்ள மாடிக் கட்டிடங்களுக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். ஆனால் லிஃப்டில் ஏற மாட்டார். எட்டாவது மாடியானாலும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில்தான் போவார். கேட்டால், “சமையல்காரன் ஓட்டல்ல சாப்பிடுவானா? எனக்குத் தெரியும்யா உள்ள என்ன நடக்குதுன்னு,” என்பார். அவருக்கு ஊரறிந்த இன்னொரு அடையாளம் மூக்கு. ஆள் தெருமுனை திரும்புமுன் மூக்கு திரும்பிவிடும் என்று அக்காவே சொல்லுவாள்.

கல்யாணம் பேச வந்த அன்றைக்கு அக்கா அவரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னாளாம். “தம்பியும் கூட வருவான்.” அவர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சோத்துக்கு எவ்வளவு செலவாகும்?” என்று கேட்டாராம். பிறகு சிரித்துவிட்டு, “வரட்டும், எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்,” என்றாராம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனைப் பிரிண்ட் கடையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் இவன் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “எலியக் கொன்னுடாதடா, முதலாளியம்மா பாவம்,” என்று சொன்ன மனுஷன்.

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் மச்சானுக்குப் பிறந்தநாள், ஐம்பத்தெட்டு. மச்சானின் பிறந்தநாள் என்றால் இரண்டு விஷயம் கட்டாயம் நடக்கும். ஒன்று, வேலை செய்கிற இடத்து ஆட்கள் ஏதாவது குறும்பு பண்ணுவார்கள். போன வருஷம் அக்காவுக்குப் போன் செய்து, “உங்க வீட்டுக்காரர் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு, மூணு மணி நேரமாச்சு, கதவை உடைக்கணும்,” என்று அழாக்குறையாகச் சொன்னார்கள். அவள் அரக்கப்பரக்க ஓடினால், அவர் லிஃப்டுக்குள் கேக்கோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது, முதல் வாழ்த்துக்கான போட்டி. வருஷா வருஷம் எதிர்வீட்டு டீச்சர்தான் முதலில் வாழ்த்து அனுப்புவார். “சொந்த மச்சினன், கார்டு போடற கடையிலயே வேல, அவன் ரெண்டாவது!” என்று மச்சான் வருஷம் பூராவும் இவனை ஓட்டுவார்.

அன்று காலை பதினொன்றே காலுக்குக் கடை போனுக்கு ஒரு படம் வந்தது. தெரியாத நம்பர். திறந்தால் மச்சான். மகள் பெற்ற இரண்டு மாதக் குழந்தையின் சாக்ஸைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, கண் இரண்டும் இடுங்க, வாய் கொள்ளாமல் சிரிக்கிற படம். அந்தச் சாக்ஸ் ஒரு கட்டைவிரல் அளவுதான். அந்தக் குழந்தையின் கால் அப்படி, ஐந்து விரலும் அரிசி மணி மாதிரி ஒட்டிக்கொண்டு, எப்போது பார்த்தாலும் சைக்கிள் மிதித்துக்கொண்டே இருக்கும். மச்சான் அந்தப் படத்தைத் தன் போனின் முகப்பிலேயே வைத்திருந்தார்.

படத்துக்குக் கீழே மச்சானின் பெயர், ‘லிஃப்ட் மெக்கானிக்’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே குரல்செய்தி ஒன்று.

பார்டர் குரலைக் கேட்கவில்லை. அவன் எப்போதுமே கேட்பதில்லை, அதுதான் அவன் வேலை செய்கிற முறை. பக்கத்தில் லேமினேஷன் மெஷின் கடகடவென்று ஓடும், ஒன்றும் காதில் விழாது. போதாததற்கு ஜனங்கள் மூன்று நிமிஷம் நான்கு நிமிஷம் என்று பேசி அனுப்புவார்கள். தொப்பையைக் கொஞ்சம் குறை, மச்சினிச்சியை வெட்டிவிடு, சட்டை கலரை மாற்று. அதையெல்லாம் மத்தியானம் சாப்பிடும்போது மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம். படம் வந்தால் பார்டர் கட்டு, பெயர் வந்தால் பெயர் போடு. இருபது வருஷமாக இந்த முறையில் ஒரு தப்பும் வந்ததில்லை. முகத்தைப் பார்த்தாலே நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

மூக்கில் சாக்ஸ் மாட்டிய முகத்துக்கு எவனாவது கறுப்பு பார்டர் கட்டுவானா?

‘அடடே, கம்பெனிக்காரங்களும் கார்டு கேட்கறாங்களா’ என்று நினைத்தான். உள்ளதிலேயே நல்ல பலூன் பார்டரை எடுத்தான். நாலு மூலையிலும் கேக். நடுவில் கொட்டை எழுத்தில் ‘பல்லாண்டு வாழ்க’. கடை வழக்கப்படி ஓரத்தில் கடைப் பெயரும் நம்பரும். கேட்டவருக்குத் திருப்பி அனுப்பினான். கை சும்மா இருக்கவில்லை. டீச்சர் நாளைக்குத்தானே போடுவார், நாம் இன்றைக்கே போட்டால்? பதினொன்று நாற்பதுக்குத் தன் இணையப் பக்கத்தில் போட்டு, அக்கா, அக்கா மகள், கம்பெனி ஆட்கள், டீச்சர் என்று தெரிந்த பெயரையெல்லாம் கோத்துவிட்டான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான்.

ஒன்றே காலுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, குரலைத் தட்டினான்.

“கடைக்காரரே, ஒரு கெட்ட செய்திங்க. எங்க மெக்கானிக் காலையில பத்தரைக்கு ஒரு பில்டிங்ல ஆறாவது மாடிப் படியில உட்கார்ந்தவரு, எந்திரிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், முன்னாடியே போயிடுச்சுன்னுட்டாங்க. எங்க ஆளுங்களுக்குத் தகவல் அனுப்பணும், கறுப்பு பார்டர் கட்டி உடனே அனுப்புங்க. என்கிட்ட வேற படம் இல்ல, சிரிக்கற படந்தான் இருக்கு. அந்த மூக்கு மேல இருக்கறத மட்டும் எப்படியாவது எடுத்துடுங்க.”

வாயில் இருந்ததை விழுங்கினானா துப்பினானா என்று அவனுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

அதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. கம்பெனியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “அக்கா, மனசைத் திடப்படுத்திக்கோங்க, அண்ணனுக்கு உடம்பு முடியல, ஆஸ்பத்திரிக்கு வாங்க.” அவளோ, மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, தம்பி போட்ட பலூன் கார்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள். “போங்கடா, போன வருஷம் ஏமாந்த மாதிரி இந்த வருஷமும் ஏமாறுவேனா? கார்டெல்லாம் வந்தாச்சு!” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். மறுபடியும் கூப்பிட்டார்கள். “கேக்கை எடுத்துக்கிட்டு வாங்க, அப்புறம் பேசிக்கலாம்,” என்றாள்.

ஒரு மணிக்கு நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். கையில் கேக் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றும் மாறியிருக்காது, மச்சான் பத்தரைக்கே போய்விட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். டாக்டர்கூடச் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்டரைப் பார்த்ததும் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“நான் சிரிச்சேன்.”

அதற்குப் பிறகு அவனுக்கு ‘வாங்க’தான்.

அந்தப் படத்தையும் குரலையும் அனுப்பிய ஆள், மச்சானின் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சாவுக்குப் படம் கேட்டால் பலூன் வருகிறதே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. கடைப் பெயரை வைத்துத் தேடி, பார்டரின் பக்கத்தைப் பிடித்து, கார்டையும் கீழே ஊர் எழுதிய வாழ்த்தையும் அப்படியே படம் பிடித்துவிட்டார். முதல் படத்தை மட்டும் எடுத்து, ‘செத்தவருக்குப் பல்லாண்டு வாழ்கவாம், இவனெல்லாம் மனுஷனா’ என்று ஒரு வரி எழுதிப் போட்டார். அது பரவாமல் இருக்குமா? அவன் முகம் தெரியாதவன், மச்சானின் மூக்கு தெரியாதவன் எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

பார்டர் தன் பக்கத்தில் போட்டதை அன்று சாயங்காலமே அழித்துவிட்டான். கீழே எழுதியிருந்த வாழ்த்துகளும் அதோடு போயின. ஆனால் கார்டு மட்டும் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஒரு போன் விடாமல் அழித்துவிட்டால், அக்கா எதிரே போய் நின்று, ‘இந்த உலகத்துல அது இல்லக்கா’ என்று சொல்லலாம். சொன்னால் அவள் ‘டேய்’ என்று ஏதாவது திட்டுவாள். இப்படி ஒரு கணக்கு அவன் மனசில் எப்படியோ விழுந்துவிட்டது.

வேலை முடிந்ததும் நடை. ஒரு நோட்டில் வீடு வீடாகக் குறித்துக்கொண்டு போனான். முழங்கால் இரண்டும் மரத்துப்போயின. ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர், “எனக்கு அழிக்கத் தெரியாதுப்பா, நீயே பாரு,” என்று போனைக் கையில் கொடுத்தார். இவன் தேடி எடுத்துக்கொண்டிருக்கும்போதே, “அப்படியே அந்தக் காலை வணக்கம் படத்தையெல்லாம் எடுத்துடேன், போன் நகர மாட்டேங்குது,” என்றார். நாலாயிரத்துச் சொச்சம் காலை வணக்கம். குனிந்த தலை நிமிராமல் எடுத்தான். இன்னொரு வீட்டில், “வந்ததுதான் வந்தீங்க, எங்க பொண்ணு நிச்சயத்துக்கு ஒரு பூ பார்டர்...” என்றார்கள். அதையும் குறித்துக்கொண்டான்.

ஸ்டோர் கீப்பரைப் பார்க்கப்போன அன்றுதான் கஷ்டம். பித்தளைக் கம்பியும் கிரீஸ் டப்பாவும் அடுக்கியிருந்த அறையில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த மனுஷன் உட்கார்ந்திருந்தார்.

“நான்தாங்க பலூன் வச்சவன்,” என்றான் பார்டர்.

அவருக்கு முகம் சிவந்தது. “வாய்யா. உனக்கெல்லாம் காதுன்னு ஒண்ணு...”

“அவரு எங்க மச்சானுங்க. கூடப்பொறந்த அக்காவோட வீட்டுக்காரரு.”

ஸ்டோர் கீப்பர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“அந்த மச்சினன் நீதான்னு எனக்குத் தெரியாதுப்பா.”

“தெரிஞ்சிருக்காதுங்க. அதைக் கொஞ்சம் அழிச்சிடுங்க, புண்ணியமாப் போகும்.”

“அழிச்சுடறேன்,” என்றார். அவன் எதிரிலேயே பதிவை எடுத்தார். அவன் நோட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டான்.

இருபதாவது நாள் மத்தியானம் அக்கா மகள் கூப்பிட்டாள்.

“மாமா, அம்மா உங்கள வரச்சொல்றாங்க.”

“என்னையா? அவளா சொன்னா?”

“ஆமா மாமா. அந்தக் கார்டைக் கேட்கறாங்க.”

கடையை முதலாளியம்மாவிடம் விட்டுவிட்டு ஓடினான். அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விரிப்பில் குழந்தை சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஆகப்போகிறது, கன்னம் இரண்டும் வழிந்து தோளைத் தொட்டுவிடும் போலிருந்தது. வீட்டில் நடந்த எதையும் அது தன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவன் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தது.

“வாங்க,” என்றாள் அக்கா. “உட்காருங்க.”

உட்கார்ந்தான்.

“அந்தக் கார்டுக்குக் கீழ எல்லாரும் எழுதினாங்கல்ல, அதைக் காட்டுங்க.”

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். இந்தக் கேள்விக்குத்தானே இருபது நாளாகப் பதில் வைத்திருந்தான். “அழிச்சாச்சுக்கா. எங்கயும் இல்ல. நூத்தி நாப்பத்தாறு போன். நானே போய்...”

“யாரு அழிக்கச் சொன்னது?”

சட்டைப்பையிலிருந்து எடுத்த நோட்டை அவன் திரும்ப உள்ளே வைத்தான்.

“அன்னைக்கு நானும் அதுல என்னமோ எழுதினேன்,” என்றாள். “அவங்க போன் பண்றதுக்கு முன்னாடி. அவருக்கு நான் கடைசியா எழுதினது. என்ன எழுதினேன்னு ஞாபகம் வரமாட்டேங்குது. இருவது நாளா யோசிக்கறேன். திட்டி எழுதினேனா என்னமோ. நமக்கு வாயில நல்ல வார்த்தை வராதே. ‘எங்கயாவது தொலைஞ்சு போங்க’ன்னு எழுதியிருந்தா?”

“அப்படியெல்லாம் எழுதியிருக்க மாட்டக்கா.”

“உங்களுக்குத் தெரியுமா? படிச்சீங்களா?”

அவன் படிக்கவில்லை. பதறிப்போய் அழித்தவன் எதைப் படிப்பான்?

அவள் தன் போனை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். “இப்ப வர்றதையெல்லாம் பாருங்க. கைகூப்பின பொம்மை. ஒருத்தர் போட்டதையே அடுத்தவர் போட்டிருக்காங்க. நூத்திப்பத்து கும்பிடு எண்ணினேன். ஒருத்தர்கூட அவரு மூக்கைப் பத்திப் பேசல. யாரோ செத்த மாதிரி இருக்கு.”

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது இதுதான். எந்த வாசலில் எல்லாம் போய் ‘அழிங்க’ என்று கெஞ்சினானோ, அதே வாசலில் போய் ‘இருக்குங்களா’ என்று கெஞ்சவேண்டும். இருந்தாலும் அவர்களிடம் இருப்பது வெறும் கார்டுதான், கீழே எழுதினது இருக்காது. அதைச் சேர்த்துப் படம் பிடித்த ஆள் ஊரிலேயே ஒருவர்தான்.

மறுநாள் வேலைக்கு முன்னால் ஸ்டோர் ரூமுக்குப் போனான். இவனைப் பார்த்ததும் அவர் எழுந்தே விட்டார்.

“அன்னைக்கே எடுத்துட்டேனேப்பா. சத்தியமா.”

“அதுக்கில்லைங்க. உங்க போன்ல... ஜனங்க எழுதினது... ஏதாவது மிச்சம் இருக்குங்களா?”

ஸ்டோர் கீப்பர் கதவைச் சாத்தினார். திருடன் திருட்டை எடுத்து வைக்கிற மாதிரி மெதுவாகப் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ஊருக்குக் காட்டினதை எடுத்துட்டேன். எனக்குன்னு வச்சிருக்கறதை எடுக்க மனசு வரல,” என்றார். “இருவது வருஷம் எதிரும் புதிருமா உட்கார்ந்து வேலை பார்த்தோம். இப்ப அந்த ஸ்டூல் காலியா இருக்கு. மத்தியானம் ஆச்சுன்னா இதை எடுத்துப் படிப்பேன். பதினோரு படம். நீ கோபிச்சுக்காத.”

பார்டருக்குக் கோபம் எங்கிருந்து வரும்? அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டான். கை முழுக்கக் கிரீஸ்.

அன்று கடையில் அவன் வேறு வேலை பார்க்கவில்லை. பதினொரு படத்தையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஒட்டி, இரண்டு முறை வந்த வரிகளை வெட்டி, வரிசைப்படுத்தினான். எந்தப் பார்டரும் கட்டவில்லை. முதலாளியம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த ஆட்களைத் தானே பேசி அனுப்பினாள். நீளக் காகிதத்தில் அடித்து, மெஷினில் விட்டான். ஒரு ஆள் உயரத்துக்கு லேமினேஷன் ஷீட் சுடச்சுட வெளியே வந்தது. ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை. அக்கா எழுதியதைத் தான் முதலில் படிப்பது நியாயமில்லை என்று தோன்றியது.

சாயங்காலம் அதைப் பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

“வாங்க,” என்றாள் அக்கா.

தரையில் விரித்தான். சுருண்டுகொண்டே இருந்தது. மேல் முனையில் தண்ணீர்ச் செம்பை வைத்தாள், கீழ்முனையில் அவன் தன் பாதத்தை வைத்துக்கொண்டான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

எதிர்வீட்டு டீச்சர் எழுதியிருந்தார்: ‘இந்த வருஷம் பார்டர் என்னை ஜெயிச்சுட்டான், ஒரு நாள் முன்னாடியே போட்டது கள்ள ஆட்டம்.’ ஒருவன் எழுதியிருந்தான்: ‘மூக்குக்கு ஸ்வெட்டர் போட்ட முதல் ஆளு நீதான்யா.’ ஏதோ ஒரு குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா: ‘எங்க லிஃப்ட் மறுபடியும் மூணாவது மாடியில நின்னு யோசிக்குது, கேக் சாப்பிட்டுட்டு வாங்க.’ அவரிடம் வேலை கற்றுக்கொண்டவன்: ‘அண்ணே உங்க ஸ்குரூ டிரைவர் என்கிட்டதான் இருக்கு, தரமாட்டேன்.’

அடுத்த வரியில் விரல் நின்றது. ‘பொறந்தநாள் வருது, இன்னைக்காவது படி ஏறாம லிஃப்ட்ல போய்யா.’

அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்டர் பாதத்தை எடுத்துவிடலாமா, சுருண்டு மூடிக்கொள்ளட்டுமா என்று யோசித்தான். அவள் விரல் மெதுவாகக் கீழே நகர்ந்தது. மறுபடி நின்றது. அவள் பெயர்.

‘சாக்ஸைக் கழட்டிட்டு சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. பாப்பா கால் சில்லுன்னு இருக்கு.’

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“திட்டல,” என்றாள்.

“இல்லக்கா.”

“வீட்டுக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன்.”

“ஆமாக்கா.”

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இருபத்தோரு நாளில் அவள் அழுததை அவன் அப்போதுதான் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, தண்ணீர் கொடுக்கலாம் என்று செம்பை எடுத்தான். மேல் முனை விடுபட்ட ஷீட் சரசரவென்று சுருண்டு விரிப்புவரை ஓடியது. குழந்தைக்கு அது புது விளையாட்டு. இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, எதிர்வீட்டு டீச்சரின் வாழ்த்தை நேரே வாய்க்குக் கொண்டுபோனது.

“டேய்! டேய் எரும! பாரு, புள்ள வாயில வைக்குது, ஓரம் கிழிச்சுடப்போகுது, பிடிடா!”

அவன் பிடித்தான். குழந்தையின் வாயிலிருந்து மெல்ல விடுவித்து, எச்சிலைச் சட்டையில் துடைத்தான். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சொன்னதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று பயம்.

“இதோட நாலு மூலையும் கத்தி மாதிரி இருக்கு,” என்றாள் அவள், இன்னும் மூக்கடைத்த குரலில். “இருவது வருஷமா இந்த வேலைதான் பார்க்கற. மூலையை வளைச்சு வெட்டத் தெரியாதா?”

“நாளைக்கு வெட்டிக் கொண்டாறேன்க்கா.”

“இங்கயே வெட்டு. இதை வெளிய அனுப்பமாட்டேன். கத்தரிக்கோல் டப்பாவுக்குள்ள இருக்கு.”

உட்கார்ந்து வெட்டினான். அவள் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்தச் சாக்ஸை எடுத்து மாட்டினாள். ஒரு காலுக்குத்தான் இருந்தது. இன்னொன்று மச்சானின் சட்டைப்பையில் இருந்ததாம், ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் இன்னும் கட்டினபடியே இருக்கிறதாம். “நாளைக்கு அவிழ்க்கலாம்,” என்றாள். “நீயும் வா.”

இதெல்லாம் நேற்று.

அவனுக்கு அசதி போய்விடவில்லை. அது போகிற அசதியும் இல்லை. முழங்கால் வலிக்கிறது, தெரியாதவர்கள் இன்னும் எங்கோ அந்தக் கார்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். இன்று காலை டீக்கடைக்காரர் சர்க்கரை கேட்டதற்கு, கம்மி என்று மட்டும் சொன்னான். கடைக்குப் போய் மெஷினைச் சூடுபண்ணினான். முதல் படம் வந்திருந்தது. குண்டான ஒரு மனுஷர், தர்பூசணித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறார். கீழே பெயர். குரல் எதுவும் இல்லை.

கை தன்பாட்டில் பலூனுக்குப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். லேமினேஷன் மெஷினை நிறுத்தினான். கடை அமைதியாகிவிட்டதே என்று முதலாளியம்மா திரும்பிப் பார்த்தாள். அவன் அந்த நம்பருக்குப் போன் போட்டான்.

“வணக்கங்க, பிரிண்ட் கடைங்க. படம் வந்துடுச்சு. ஒண்ணு கேட்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. அவரு நல்லா இருக்காருங்களா?”